மடிக்கணினியைப் பூட்டி வைத்தால் குற்றமா?

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததும், அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியதும் தாங்கள் அறிந்ததே. அதற்குப் பிறகு நாங்கள் சிலர் சேர்ந்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் மருத்துவச் சீட்டுகள், எண்ணெய் படிந்த வலை, படகுகளின் படங்கள், மக்கள் சொன்ன விவரங்கள் ஆகியவற்றைத் திரட்டி வருகிறோம். அவை அனைத்தும் என் மடிக்கணினியில் வெராகிரிப்ட் என்ற மென்பொருளால் பூட்டப்பட்டுள்ளன. எங்களுக்குள் சிக்னல் செயலியில் பேசிக்கொள்கிறோம். காவல்துறையில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்ற என் அண்ணன், "மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் இந்தப் பூட்டே உனக்கு எதிராக நிற்கும், எல்லாவற்றையும் எடுத்துவிடு" என்கிறார். இத்தகைய மென்பொருளை வைத்திருப்பது சட்டப்படி தவறா? காவலர்கள் கடவுச்சொல்லைக் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டுமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கஞ்சாவும் போதை மாத்திரையும் கைப்பேசி வழியாகத்தான் வந்து சேருகின்றன. அதைப் பார்க்கும்போது, அரசாங்கத்திடம் எல்லாப் பூட்டுக்கும் ஒரு மாற்றுச்சாவி இருந்தால்தான் என்ன என்று எனக்கே தோன்றுகிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். குறியாக்க மென்பொருளை, அதாவது பேச்சுவழக்கில் என்கிரிப்ஷன் என்று சொல்கிறோமே அதை, ஒரு தனிநபர் தம் கணினியிலோ கைப்பேசியிலோ வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 84ஏ பிரிவு, எந்த வகைக் குறியாக்கத்தைப் பயன்படுத்தலாம் என்று விதிகள் வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தை முன்னிட்டு 2015 செப்டம்பரில் தேசியக் குறியாக்கக் கொள்கை என்ற வரைவு ஒன்று வெளியானது. குறியாக்கம் செய்து அனுப்பும் தகவலின் மூலப் படியைக் குடிமக்களும் 90 நாட்கள் வரை அப்படியே பாதுகாத்து, கேட்கும்போது காட்டவேண்டும் என்று அதில் ஒரு விதி இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கங்களையெல்லாம் மூன்று மாதம் சேமித்து வைக்கவேண்டுமா என்று நாடே கேட்ட கேள்வியில் அந்த வரைவு ஓரிரு நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதற்கு மாற்றாக வேறு கொள்கை வந்து தனிமனிதரின் பூட்டைக் குற்றமாக்கவில்லை.

உங்கள் அண்ணனுக்கு இதை வேறு விதமாகவும் எடுத்துச் சொல்லலாம். அவர் ஓய்வூதியத்தைச் சரிபார்க்கும் வங்கிச் செயலியும், டீக்கடையில் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் செலுத்தும் யுபிஐ முறையும் இதே கணிதத்தின் மீதுதான் நிற்கின்றன. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளுக்கும் முனைக்கு முனை குறியாக்கத்தை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் எவரும் படிக்கமுடியாத பூட்டை, கொண்டுவந்தது; ஆகவே அவர் கைப்பேசியில் வாட்ஸ்அப் இருந்தால் அவரும் பல ஆண்டுகளாக இந்தப் பூட்டைப் போட்டுக்கொண்டிருப்பவரே. சிக்னல் உருவாக்கிய நெறிமுறையைத்தான் வாட்ஸ்அப்பும் பயன்படுத்துகிறது.

மடியில் கனம் என்ற அவர் வாதத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். நேர்மையாகப் பணியாற்றிய ஒருவரின் மனத்திலிருந்து வரும் சொல் அது. ஆயினும் அந்தப் பழமொழி பிறந்த வழியைச் சற்றே நினைத்துப் பார்க்கவேண்டும். மடியில் பணமுடிப்பைக் கட்டிக்கொண்டு கள்வர் நடமாடும் வழியில் நடப்பவனுக்குப் பயம் இருந்தது. அவன் திருடன் அல்லன், திருடு கொடுக்கக்கூடியவன். உங்கள் மடிக்கணினியில் இருக்கும் கனமும் அத்தகையதே. யாருக்குக் காசநோய், எந்தப் பெண்ணுக்குக் கரு கலைந்தது, எந்தக் குடும்பம் எந்த ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்துகொண்டே அந்த ஆலையைப் பற்றிப் பேசியது என்பவை வெளியே போனால் துன்பப்படப் போவது நீங்கள் அல்ல, உங்களை நம்பிச் சொன்னவர்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய தரவைக் கையில் வைத்திருப்பவர் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. பெரு நிறுவனங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட தொகை அது என்றாலும், பிறர் தரவுக்குப் பூட்டுப் போடுவதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அது போதிய சான்று.

இனி உங்களுடைய மூன்றாவது சந்தேகத்துக்கு வருகிறேன். கடிதத்தில் அதைக் கடைசியில் ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுவே மையமான கேள்வியாகத் தெரிகிறது. அரசாங்கத்துக்கு ஒரு மாற்றுச்சாவி என்ற யோசனை புதியதல்ல. அது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் சோதிக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி முடிந்திருக்கிறது.

1991இல் அமெரிக்காவில் ஃபில் ஸிம்மர்மன் என்ற மென்பொருளாளர் பி.ஜி.பி. என்ற குறியாக்க மென்பொருளை எழுதி எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டார். அதுவரை ராணுவமும் தூதரகங்களும் பெரிய வங்கிகளும் மட்டுமே வைத்திருந்த வலிமையான பூட்டு, வீட்டில் சாதாரணக் கணினி வைத்திருந்தவரின் கைக்கும் வந்தது. அக்காலத்தில் அமெரிக்கச் சட்டம் வலுவான குறியாக்கத்தை வெடிமருந்தோடும் பீரங்கியோடும் ஒரே பட்டியலில், போர்த்தளவாடமாக வைத்திருந்தது. மென்பொருள் இணையம் வழியாக நாட்டின் எல்லையைத் தாண்டிவிட்டதால், உரிமம் இல்லாமல் ஆயுதம் ஏற்றுமதி செய்தாரா என்று ஸிம்மர்மன் மீது 1993 முதல் சுமார் மூன்று ஆண்டுகள் குற்றப் புலனாய்வு நடந்தது. 1996 ஜனவரியில் குற்றச்சாட்டு எதுவும் பதியாமலே அது கைவிடப்பட்டது. இதற்கிடையில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பதிப்பகம் அந்த நிரலின் வரிகளை அப்படியே அச்சிட்டு 1995இல் புத்தகமாக வெளியிட்டது. ஒரே நிரல் குறுவட்டில் இருந்தால் ஆயுதம், காகிதத்தில் இருந்தால் கருத்துச் சுதந்திரம் என்ற விநோத நிலையை அந்தப் புத்தகம் அம்பலமாக்கியது. சட்டப் புத்தகங்களோடு காலம் தள்ளும் எனக்கு அந்த வழக்குக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கா அந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது.

நீங்கள் கேட்கும் மாற்றுச்சாவியும் அதே காலத்தில் வந்தது. 1993இல் கிளின்டன் அரசு கிளிப்பர் என்ற சில்லை (சிப்) அறிவித்தது. தொலைபேசிகளில் அந்தச் சில்லைப் பொருத்தினால் பேச்சு குறியாக்கம் செய்யப்படும். ஆனால் ஒவ்வொரு சில்லின் சாவியும் இரு பாதியாகப் பிரிக்கப்பட்டு இரண்டு அரசு அமைப்புகளிடம் இருக்கும். நீதிமன்ற ஆணை கிடைத்தால் இரு பாதிகளையும் சேர்த்துப் பேச்சைக் கேட்கலாம். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். 1994இல் மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர், அரசு கேட்பதற்கென்று வைத்திருந்த அந்தப் பகுதியின் சரிபார்ப்பு எண் வெறும் 16 பிட் நீளமே, கணினியால் எளிதில் முயன்று பார்த்துவிடக்கூடிய அளவே என்பதையும், அதை ஏமாற்றி அரசால் கேட்கமுடியாதபடியே சில்லைப் பயன்படுத்தலாம் என்பதையும் காட்டினார். வாங்க ஆளில்லாமல் அந்தத் திட்டம் சில ஆண்டுகளில் மறைந்தது.

இன்னொரு கதை அதைவிடப் பாடம் மிகுந்தது. 1990களில் வெளிநாடுகளுக்குச் செல்லும் மென்பொருளில் வேண்டுமென்றே வலுக்குறைந்த குறியாக்கத்தையே வைக்கவேண்டும் என்று அமெரிக்கா கட்டாயப்படுத்தியது. உளவுத்துறையால் உடைக்க முடியவேண்டும், பிறரால் உடைக்க முடியக்கூடாது என்பது கணக்கு. கட்டுப்பாடு நீங்கிய பின்னும் அந்த நோஞ்சான் பூட்டு பழைய நிரல்களில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருந்தது. 2015இல் ஃப்ரீக் என்று பெயரிடப்பட்ட தாக்குதல் முறை வெளிப்பட்டபோது, இடையில் நுழைபவர் ஒருவர் இரு கணினிகளையும் ஏமாற்றி அந்தப் பழைய பூட்டுக்கே இறக்கிவிட முடியும் என்று தெரிந்தது. அப்படி ஏமாற்றக்கூடிய தளங்களின் வரிசையில் வெள்ளை மாளிகையின் இணையதளமும் எஃப்.பி.ஐ.யின் இணையதளமும் இருந்தன. பிறருக்காக வைத்த ஓட்டை, இருபது ஆண்டு கழித்து வைத்தவர் வீட்டிலேயே திறந்தது.

இவை பழங்கதை என்று தோன்றினால், தொலைபேசியைக் காவல்துறை ஒட்டுக்கேட்பதற்கென்றே நிறுவனங்களின் கருவிகளில் வைக்கப்படும் வசதிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். ஏதென்ஸ் ஒலிம்பிக் நடந்த 2004ஆம் ஆண்டில் தொடங்கி 2005 மார்ச் வரை, கிரேக்க நாட்டுக் கைப்பேசி நிறுவனம் ஒன்றின் இணைப்பகங்களில் இருந்த அந்த வசதியை யாரோ திருட்டுத்தனமாக இயக்கி, பிரதமர், அமைச்சர்கள் உட்பட நூறுக்கும் மேற்பட்டோரின் பேச்சுகளைக் கேட்டிருக்கிறார்கள். 2024இல் சீனாவோடு தொடர்புடையதாக அமெரிக்கா கூறும் சால்ட் டைஃபூன் என்ற ஊடுருவல் குழு, அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் புகுந்து, நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்கும் அமைப்புகளையும் எட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகள் தம் மக்களுக்குச் சொன்ன அறிவுரை, குறியாக்கம் உள்ள செயலிகளில் பேசுங்கள் என்பது. எஃப்.பி.ஐ. பல ஆண்டுகளாக எந்தப் பூட்டைப் பற்றிக் குறைகூறி வந்ததோ, அதையே போட்டுக்கொள்ளச் சொல்லும் நிலை வந்தது.

ஆக, சகோதரி, மாற்றுச்சாவியை அரசாங்கத்திடம் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கும்போது உங்கள் மனத்தில் இருப்பது உங்கள் அண்ணனைப் போன்ற ஒரு தலைமைக் காவலர். அவர் கையோடு அந்தச் சாவி நிற்கும் என்றால் நானும் கொடுத்துவிடுவேன். கணிதத்துக்கு நல்ல காவலரையும் கெட்டவரையும் வேறுபடுத்தத் தெரியாது. ஒருவருக்குத் திறக்கும் கதவு, அதன் அமைப்பை அறிந்துகொண்ட எவருக்கும் திறக்கும்.

இந்த விவாதத்தின் ஒரு முக்கியப் பகுதி உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் அரைமணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது என்பது பலருக்கு நினைவில்லை. 2018இல் தொடரப்பட்ட பொதுநல வழக்குகளில் முதலில் கேட்கப்பட்டது, சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதார் எண்ணை இணைக்கவேண்டும் என்பது. விசாரணை போகப்போக, வாட்ஸ்அப்பில் பரவும் ஒரு செய்தியை முதலில் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக அது மாறியது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி, ஒவ்வொரு செய்தியோடும் அதைத் தொடங்கியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம், அதையும் பூட்டியே அனுப்பி, நீதிமன்றம் கேட்கும்போது மட்டும் நிறுவனம் திறந்து சொல்லலாம் என்று 2019இல் யோசனை வைத்தார். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்து அறிக்கை தந்தார். கெட்டிக்காரக் குற்றவாளிக்கு இதைச் சுற்றிப் போவது எளிது, அந்தரங்கத்தை இழப்பது சாதாரணப் பயனரே என்பது அவர் வாதத்தின் சாரம். வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின் 4(2) விதி, 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் செயலிகள் நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால் முதலில் எழுதியவரை அடையாளம் காட்டவேண்டும் என்று கட்டளையிட்டது. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவில் வாட்ஸ்அப் இருக்காது என்று அதன் வழக்கறிஞர் 2024 ஏப்ரலில் நீதிமன்றத்திலேயே கூறினார்.

இந்த விதியில் எனக்கு உள்ள தயக்கத்தை உங்கள் குழுவை வைத்தே சொல்கிறேன். ஆலைக்குள் வேலை செய்யும் ஒருவர், குழாயில் கசிவு என்று ஒரு படத்தை உங்களில் ஒருவருக்கு அனுப்புகிறார். அது பத்துக் குழுக்களுக்குப் போய், யாரோ ஒருவர் அதோடு பொய்யான ஒரு வரியைச் சேர்த்து வதந்தியாக்கிவிடுகிறார். முதலில் அனுப்பியவர் யார் என்று தேடிக்கொண்டு போனால் அகப்படப் போவது அந்தத் தொழிலாளி. பொய்யைச் சேர்த்தவர் அல்ல.

கஞ்சாவைப் பற்றிய உங்கள் கவலைக்கு இதெல்லாம் பதிலாகாது என்பதை அறிவேன். குறியாக்கத்தால் சில வழக்குகள் கைநழுவிப் போகின்றன. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் அந்த இழப்பு மிகக் கொடியது. அதை இல்லையென்று சொல்லி விவாதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முனைக்கு முனை குறியாக்கம் மறைப்பது பேசியது என்ன என்பதை மட்டும். யார் யாரோடு எப்போது தொடர்பு கொண்டார், கைப்பேசி எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்தது, ஜி-பே வழியாக யாருக்குப் பணம் போனது என்பவற்றில் பெரும்பகுதி வெளியே கிடைக்கிறது. காவல் நிலையத்தில் சிடிஆர் (தொலைபேசி அழைப்பு விவரப் பட்டியல்) எடுத்தாகிவிட்டதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்பதை உங்கள் அண்ணன் உங்களைவிட நன்றாக அறிவார். வாங்கியவரின் கைப்பேசி திறந்த நிலையில் கிடைத்தால் விற்றவரின் செய்திகளும் அதிலேயே இருக்கும். போதைப்பொருள் கும்பல்கள் விரும்பிப் பயன்படுத்திய என்க்ரோசாட் என்ற தனிக் கைப்பேசிச் சேவைக்குள் பிரெஞ்சு, டச்சுக் காவல்துறையினர் 2020இல் ஊடுருவி ஐரோப்பா முழுவதும் ஆயிரக்கணக்கானோரைக் கைது செய்தபோது, உலகத்தில் உள்ள எல்லாக் கைப்பேசிகளின் பூட்டையும் அவர்கள் வலுக்குறைக்கவில்லை. அந்த முறை பற்றியும் சட்டக் கேள்விகள் உண்டு. என்றாலும் குறிப்பிட்ட கும்பலைக் குறிவைப்பதற்கும் ஊரையே திறந்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு அதில் தெரிகிறது.

ஊரையே திறந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்பதற்கும் நம் நாட்டில் முன்மாதிரி உண்டு. 2021 அக்டோபரில் ஹைதராபாத் சாலைகளில் போலீசார் வண்டிகளை நிறுத்தி, இளைஞர்களின் வாட்ஸ்அப்பில் கஞ்சா என்ற சொல் வருகிறதா என்று தேடிப் பார்த்த காணொளிகள் வெளியாகின. வடசென்னை என்றாலே ரவுடியும் கஞ்சாவும் என்று சினிமாவும் செய்தித்தாள்களும் எழுதிவைத்திருக்கும் நிலையில், அத்தகைய சோதனை இங்கே வந்தால் யாருடைய பிள்ளையின் கைப்பேசி முதலில் கேட்கப்படும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அண்ணா நகரில் காரை நிறுத்திக் கேட்பார்களா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் பற்றிய கேள்விக்கு நிதானமாக விடை சொல்லவேண்டும். இங்கே ஒரு தவறான அடி வைத்தால் பெரிய சிக்கல்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, குற்றப் புலனாய்வு போன்ற காரணங்களுக்காக, குறியாக்கம் செய்த தகவலைத் திறந்து தரும்படி அரசு ஆணையிடலாம். அந்த ஆணைக்கு உதவ மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் அந்த ஆணையைத் தெருமுனையில் நிற்கும் உதவி ஆய்வாளர் பிறப்பிக்க முடியாது. 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, வழக்கமான சூழலில் அது மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளரின் எழுத்துமூலமான, காரணம் கூறும் ஆணையாக இருக்கவேண்டும். ஒரு முறைக்கு 60 நாட்கள், மொத்தம் 180 நாட்களுக்கு மேல் அது நீடிக்கக்கூடாது. அதை ஆய்வு செய்ய ஒரு குழுவும் உண்டு. தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் வகுத்த நெறிகளின் வழியில் வந்த ஏற்பாடுகள் இவை. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த பிறகு, அந்த உரிமையில் கைவைப்பதற்குச் சட்டத்தின் ஆதரவும், நியாயமான நோக்கமும், தேவைக்கு ஏற்ற அளவும் வேண்டும் என்பது உறுதியாகிவிட்டது. அந்த ஆய்வுக் குழுவிலும் அரசு அதிகாரிகளே அமர்கிறார்கள், நீதிபதி எவரும் இல்லை என்ற குறை என்னைப் போன்றோருக்கு உண்டு. அதைத் தனியே ஒரு நாள் எழுதவேண்டும்.

சாதாரணப் புலனாய்வில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவின் கீழ் ஆவணங்களையும் மின்னணுக் கருவிகளையும் ஒப்படைக்கும்படி நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பலாம், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியும் எழுத்துமூலம் கேட்கலாம். ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தால், தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசமைப்புச் சட்டத்தின் 20(3) உறுப்பு குறுக்கே வருகிறது. கடவுச்சொல்லைச் சொல்வது அவ்வகைச் சாட்சியமா? கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் ஆகாது என்றது. அதே தீர்ப்பில், மறுப்பவரிடம் பிடுங்காமல் நீதிமன்றத்தில் தேடுதல் ஆணை பெறும் வழியையும் காட்டியது. டெல்லியில் ஒரு சிபிஐ சிறப்பு நீதிமன்றம் 2022இல், மனத்தில் இருக்கும் கடவுச்சொல்லைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, விரல்ரேகையைப் பெறுவது வேறு என்று கூறியது. இறுதியான விடையை உச்ச நீதிமன்றம்தான் தரவேண்டும். விரல்ரேகையும் முகமும் உடலில் இருப்பவை, கடவுச்சொல் மனத்தில் இருப்பது என்ற இந்த வேறுபாட்டுக்காகவே, முக்கியமான கருவிகளுக்கு விரல்ரேகைப் பூட்டை மட்டும் நம்பவேண்டாம் என்று என்னிடம் வருவோருக்குச் சொல்கிறேன்.

நடைமுறையில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்ப்போம். விசாரணை என்று அழைத்து, "போனை வைம்மா, லாக்கை எடு, பார்த்துவிட்டுத் தருகிறோம்" என்பார்கள். குரலை உயர்த்தாதீர்கள், கைப்பேசியை இழுத்துப் பிடிக்காதீர்கள், அந்த நேரத்தில் எதையும் அழிக்காதீர்கள். சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பதே, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆவது பிரிவில் தனிக் குற்றம்; பூட்டு உங்களுக்கு எதிராக நிற்காது, அவசரத்தில் அழித்தது நிற்கும். எந்த வழக்கில், நான் சாட்சியா குற்றம் சாட்டப்பட்டவரா, எழுத்தில் தாருங்கள், என் வழக்கறிஞரோடு கலந்து பதில் தருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கருவியை எடுத்தே ஆகவேண்டும் என்றால் பறிமுதல் மகஜர் எழுதச் சொல்லி, அதில் கைப்பேசியின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணும், கருவி அணைக்கப்பட்ட நிலையில் இருந்ததா என்பதும் பதிவாகிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். தேடுதலையும் பறிமுதலையும் காணொளியாகப் பதிவு செய்யவேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு சொல்கிறது. அண்ணன் பணியில் இருந்த காலத்தில் அந்தப் பிரிவு கிடையாது. அவருக்கும் அது பயன்படும்.

கடைசியாக, உங்கள் பூட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். வெராகிரிப்ட் நல்ல தேர்வு. அதன் நிரல் எவரும் படித்துச் சோதிக்கும்படி திறந்து கிடக்கிறது. ஆனால் அதற்கு மறதி மன்னிப்பு கிடையாது. கடவுச்சொல்லை நீங்கள் மறந்துவிட்டாலோ உங்களுக்கு ஏதேனும் ஆகிவிட்டாலோ அத்தனை குடும்பங்களின் பதிவும் போய்விடும். ஆகவே அதை எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்து, குழுவில் பொறுப்பான ஒருவரிடமோ வழக்கறிஞரிடமோ கொடுத்து வையுங்கள். மடிக்கணினி திறந்து ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருக்கும் பூட்டும் திறந்தே இருக்கும் என்பதையும், எழுந்து போகும்போது மூடி அணைக்கவேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களின் பேக்கப் தானாக முனைக்கு முனை குறியாக்கம் ஆவதில்லை. 2021 முதல் அந்த வசதி உண்டு, அமைப்புகளில் போய் நீங்களே அதை இயக்கவேண்டும். இந்தக் கடிதத்தோடு மூன்று குடும்பங்களின் பெயர், முகவரி, நோய் விவரத்தைப் பூட்டில்லாத எக்செல் கோப்பாக மின்னஞ்சலில் இணைத்திருந்தீர்கள். அதை நீக்கிவிட்டேன், நீங்களும் அனுப்பிய பெட்டியிலிருந்து நீக்கிவிடுங்கள். விசாரணையோ வழக்கோ எதுவும் இப்போது இல்லை, மூலப்படி உங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்பதால் அது தவறாகாது.

சிக்னலில் தானே மறையும் செய்திகள் என்ற வசதியை அன்றாடப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சான்றாகப் பயன்படக்கூடிய படத்தையும் வாக்குமூலத்தையும் அதில் விடாதீர்கள். செயலி வழியாக அனுப்பும்போது படம் சுருங்குவதோடு, எடுத்த நேரமும் இடமும் பொதிந்த விவரங்களும் அகன்றுவிடுகின்றன. எனவே கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பையே பூட்டுக்குள் வையுங்கள். வைக்கும் நாளிலேயே ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விரல்ரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் கணினியில் கணக்கிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது மிக நல்லது. ஷா-256 என்ற முறையில் அது 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட வரியாக இருக்கும். படத்தில் ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் அந்த வரி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி மின்னணுச் சான்றோடு தரவேண்டிய சான்றிதழில் இந்த மதிப்புக்கென்றே இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. படத்தை நீங்கள் திருத்தினீர்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னால், பூட்டுக்குள் இருந்த கோப்பும் நோட்டில் இருக்கும் வரியும் ஒத்துப்போவதே உங்கள் பதில்.

பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்விலோ உயர் நீதிமன்றத்திலோ இந்த ஆவணங்களைத் தாக்கல் செய்யும் நாள் வந்தால், நோயாளிகளின் பெயரை மறைத்த படியைப் பொதுவில் கொடுத்து, முழுப் படியை மூடிய உறையில் தர அனுமதி கேட்டு ஒரு மனுவையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அந்த மனுவின் மாதிரி வேண்டுமானால், வழக்கு எண் கிடைத்த பிறகு எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.